என் அக்காவின் விரல் பொய் சொல்லவில்லை

சென்ற மகளிர் தினத்துக்கு எங்கள் கல்லூரி வாசலில் ரோஜா நிறத்தில் ஒரு பேனர் கட்டினார்கள். சிரிக்கும் ஒரு பெண்ணின் முகம், அதற்குக் கீழே மூன்று வரி: வலி இல்லை. கதிர்வீச்சு இல்லை. தொடுதல் இல்லை. ஓரத்தில், 'மேமோகிராமுக்கு மாற்று'. மாணவிகள் தங்கள் அம்மாவையும் அத்தையையும் அழைத்துவர வேண்டும். நுண்ணலைக் கருவி ஒன்றால் பத்து நிமிடத்தில் மார்பைச் சோதித்து, கையோடு அறிக்கை கொடுத்துவிடுவார்கள் என்பது ஏற்பாடு.

நான் அந்தக் கல்லூரியில் ஆண்டெனா பாடம் எடுப்பவள். நுண்ணலை தெரிந்த பெண். முகாமைத் தொடங்கிவைக்க என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது என்று நினைத்திருப்பார்கள். நான் மறுத்தேன். "நீங்களே இப்படிச் செஞ்சா எப்படி மேம்?" என்று மாணவிகள் வருத்தப்பட்டார்கள். பெண்ணியம் பேசுகிறவர்களுக்கு எதையாவது எதிர்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் சக ஆசிரியர் ஒருவர். அன்று எனக்கு வந்த கோபத்தில் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதலில் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியம்மா மகள், என்னைவிட ஐந்து வயது மூத்தவள். 41 வயதில், குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை அளவில் ஏதோ தட்டுப்பட்டது. "ஏட்டி, கல்லு மாதிரி இருக்கு, நகர மாட்டேங்குது" என்று அன்று இரவே எனக்குப் போன் செய்தாள். மறுவாரம் மேமோகிராம் எடுத்தார்கள். இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பை வைத்து நசுக்கியபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்றாள். அறிக்கையில், சந்தேகத்துக்கு இடமாக எதுவும் தென்படவில்லை என்று இருந்தது. அதற்கும் கீழே, யாரும் படித்துக்காட்டாத ஒரு வரி: மார்பக அடர்த்தி, டி வகை.

"கையில தட்டுப்படுதே டாக்டர்" என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

"மெஷினே இல்லைங்குதும்மா. பயப்படாதீங்க, அடுத்த வருஷம் வாங்க."

அடுத்த வருடம் வரை காத்திருக்க முடியவில்லை. பதினோராவது மாதம் அக்குளில் வீக்கம் வந்தது. வேறொரு மருத்துவமனையில் அல்ட்ராசவுண்டு எடுத்து, ஊசி வழியாகத் திசு எடுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நிலை. அக்கா இன்று உயிரோடு இருக்கிறாள். இடது மார்பு இல்லை, வீங்கிய இடது கையோடு சமையல் செய்கிறாள்.

ஆகவே, மேமோகிராமுக்கு வக்காலத்து வாங்க நான் இதை எழுதவில்லை. நல்லதொரு புதிய கருவிக்காக ஏங்குவதற்கு என்னைவிடக் காரணம் உள்ளவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

அந்த 'டி வகை' என்ன என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மார்பில் கொழுப்பும் இருக்கிறது, பால் சுரப்பிகளும் நார்த்திசுவும் இருக்கின்றன. எக்ஸ்ரே படத்தில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும். சுரப்பியும் நாரும் வெள்ளையாகத் தெரியும். புற்றுக் கட்டியும் வெள்ளையாகத்தான் தெரியும். சுரப்பியும் நாரும் மிகுந்த மார்பில் கட்டியைத் தேடுவது, வெள்ளையடித்த சுவரில் சுண்ணாம்புக் கறையைத் தேடுவது மாதிரி. மருத்துவர்கள் இந்த அடர்த்தியை ஏ முதல் டி வரை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். டி என்றால் மிக அடர்த்தி. இளம் பெண்களிடம் அடர்த்தி பொதுவாக அதிகம். இந்தியாவிலோ மேற்கு நாடுகளைவிட இளம் வயதிலேயே இந்த நோய் வரும் பெண்களின் விகிதம் அதிகம். அதாவது மேமோகிராம் எங்கே தடுமாறுமோ, அங்கேதான் நம் பெண்கள் நிறையப் பேர் நிற்கிறார்கள்.

இதை ஒரு பெண் உலகத்துக்குக் கேட்கும்படி சொன்னார். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த நான்சி கப்பெல்லோ. ஆண்டு தவறாமல் மேமோகிராம் எடுத்தவர், எல்லாம் 'நார்மல்'. அப்படி ஒரு நார்மல் வந்த சில வாரங்களிலேயே, 2004-இல், அவருடைய மருத்துவரின் கைக்கு ஏதோ தட்டுப்பட்டது. அப்போதும் மேமோகிராமில் தெரியவில்லை, அல்ட்ராசவுண்டில் தெரிந்தது. நோய் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தது. தன் மார்பு அடர்த்தியானது என்று தன்னிடம் ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 2009-இல் கனெக்டிகட்டில் அடர்த்தி விவரத்தைப் பெண்ணிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று சட்டம் வந்தது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. கப்பெல்லோ 2018-இல் இறந்துபோனார். 2024 செப்டம்பர் முதல் அமெரிக்கா முழுவதும் இது கட்டாயம். மருத்துவத் துறை தானாக முன்வந்து செய்ததல்ல இது. நோயுற்ற ஒரு பெண் கதவைத் தட்டித் தட்டி வாங்கியது.

இனி நுண்ணலைக்கு வருகிறேன். நுண்ணலை என்றதும் நம் நினைவுக்கு வருவது அடுப்புதான். அந்த அடுப்பு உணவைச் சூடாக்குவது எப்படி? உணவில் உள்ள நீர் நுண்ணலையை உறிஞ்சுகிறது. கொழுப்பு அந்த அளவுக்கு உறிஞ்சுவதில்லை. இந்த வேறுபாட்டையே படம் எடுக்கவும் பயன்படுத்தலாம். புற்றுக் கட்டியில் நீர் அதிகம், சுற்றியுள்ள கொழுப்பில் குறைவு. மார்பைச் சுற்றிச் சிறிய ஆண்டெனாக்களை வைத்து, ஒன்றிலிருந்து அலையை அனுப்பி மற்றவற்றில் வாங்கினால், அலை எங்கே சிதறியது, எங்கே தாமதமானது என்று கணக்கிட்டு உள்ளே இருப்பதைப் படமாக வரையலாம். அடுப்பில் நூற்றுக்கணக்கான வாட் என்றால் இங்கே மில்லிவாட்கள்தான். காதில் வைத்துப் பேசும் கைபேசி உமிழ்வதைவிடக் குறைவு. உடம்பு சூடாகாது. எக்ஸ்ரே போல அணுக்களை அயனியாக்கும் கதிர்வீச்சும் அல்ல. மார்பை நசுக்கவும் வேண்டியதில்லை. பெண் ஒரு மேசையில் குப்புறப் படுத்தால் போதும், மேசையின் துளை வழியே மார்பு தொங்கும்.

இதில் ஏமாற்று ஏதுமில்லை. நல்ல இயற்பியல். நான் வகுப்பில் ஆசையோடு சொல்லிக்கொடுப்பதும்தான். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சூசன் ஹேக்னஸ் 1998-இல் ரேடார் முறையில் இதைச் செய்யலாம் என்று கணினி மாதிரிகளில் காட்டினார். டார்ட்மத்தில் பால் மீனியும் கீத் பால்சனும் திரவத் தொட்டிக்குள் பதினாறு ஆண்டெனாக்களை வைத்து, உண்மையான பெண்களிடம் எடுத்த படங்களை 2000-இல் வெளியிட்டார்கள். கால்கரியில் எலிஸ் ஃபியர், பிரிஸ்டலில் இயன் கிராடக் என்று பலர் இதற்காக ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். இந்த எல்லாவற்றுக்கும் முன்பே, 1984-இல், நல்ல மார்புத் திசுவுக்கும் புற்றுத் திசுவுக்கும் மின்பண்புகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று அளந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. எழுதியவர்கள் இந்தியர்கள், வெளியிட்டதும் ஓர் இந்திய ஆய்விதழ். இந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு அது.

பேனரில் இல்லாத கதை இனிமேல்தான் வருகிறது.

தொடக்க கால மாதிரிகள் பலவற்றில் மார்பு என்பது பெரும்பாலும் கொழுப்பு. கொழுப்புக்கு நடுவே ஒரு கட்டி. அப்படி வைத்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். 2007-இல் விஸ்கான்சினும் கால்கரியும் சேர்ந்து, அறுவை சிகிச்சைகளில் கிடைத்த ஏராளமான மார்புத் திசுக்களை அளந்து முடிவை வெளியிட்டார்கள். கொழுப்போடு ஒப்பிட்டால் புற்றுத் திசுவின் மின்பண்பு பத்து மடங்கு வரை வேறுபடுகிறது. சுரப்பி, நார்த்திசுவோடு ஒப்பிட்டால்? சுமார் 10 சதவீதம்தான். காரணம் எளிது: சுரப்பியிலும் நீர் நிறைய இருக்கிறது.

இதன் பொருள் புரிகிறதா? கொழுப்பு மிகுந்த மார்பில் நுண்ணலை நன்றாக வேலை செய்யும். அங்கே மேமோகிராமும் நன்றாகவே வேலை செய்கிறது. மேமோகிராம் கைவிடும் அடர்ந்த மார்பில்தான் நுண்ணலைக்கும் சிரமம் அதிகம். என் அக்காவின் மார்பில். ஒருவேளை உங்கள் மார்பிலும். போதாததற்கு, மேமோகிராம் காட்டும் பொடிப்பொடியான சுண்ணாம்புப் படிவுகளை, சில புற்றுகளின் முதல் அடையாளங்களை, இந்த அலைநீளத்தில் பார்க்க முடியாது.

அந்த 2007 ஆய்வை எழுதியவர்களை நான் மதிக்கிறேன். தங்கள் துறையின் நம்பிக்கைக்கே அடி விழும் என்று தெரிந்தும் அளந்ததை அளந்தபடி சொன்னார்கள். ஆராய்ச்சி அதோடு நின்றுவிடவும் இல்லை. கணக்கிடும் முறைகள் மேம்பட்டன. பல நாடுகளில் மருத்துவமனைச் சோதனைகள் நடந்தன. டார்ட்மத் குழு இன்னொரு வழியிலும் போனது. கீமோ எடுத்துக்கொள்ளும் பெண்ணுக்குக் கட்டி சுருங்குகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். அடிக்கடி எக்ஸ்ரே எடுக்க முடியாது. அந்த இடத்தில் நுண்ணலையைச் சோதித்துப் பார்த்தார்கள். எவ்வளவு அடக்கமான, பொருத்தமான வேலை! இப்படிப் படிப்படியாகத் தன்னை நிரூபிக்கும் கருவிக்கு என் வாழ்த்துகள். நான் சண்டை போடுவது அந்தப் படிகளைத் தாண்டிக் குதித்து, 'மாற்று' என்ற சொல்லோடு என் மாணவியின் அம்மாவிடம் வந்து நிற்கும் வியாபாரத்தோடு.

முகாமுக்கு வந்த இளைஞரிடம் கேட்டேன்: "50 வயசுக்குக் கீழே எத்தனை பெண்கள்கிட்ட சோதிச்சிருக்கீங்க? பயாப்சியில் உறுதியான கட்டிகளில் எத்தனையை இந்தக் கருவி தவறவிட்டுச்சு?" அவர் பளபளப்பான ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்தார். அதில் ரோஜா நிறப் பூக்கள் இருந்தன.

ஆய்வு என்றால் அதற்கு ஒழுங்கு உண்டு. நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். பெண்ணிடம் விளக்கிக் கையெழுத்து வாங்க வேண்டும். இந்தக் கருவி இன்னும் சோதனையில்தான் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதன் முடிவை, ஏற்கெனவே நிரூபணமான வழிகளோடு ஒப்பிட வேண்டும். அங்கே அவள் பங்கேற்பாளர். வேண்டாம் என்று எழுந்து போகும் உரிமை உள்ளவள். முகாமில் அவளே 'பயனாளி' ஆகிவிடுகிறாள். அதே உடம்பு, அதே கருவி, ஆனால் கேள்வி கேட்கும் உரிமை இல்லை. அவள் மார்பிலிருந்து திரட்டிய தரவு யாருக்குப் போகிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"ஒண்ணுமே இல்லாததுக்கு இது பரவாயில்லையே?" என்று கேட்கிறார்கள். என் முதல்வரும் கேட்டார். தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2019-21-இல், 30 முதல் 49 வயதுப் பெண்களில் மார்பகப் பரிசோதனை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் இந்தியா முழுக்க 0.9 சதவீதம். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இந்த வெறுமையில் எதுவானாலும் நல்லதுதானே என்று தோன்றும்.

நல்லதல்ல. எதுவும் சோதிக்காத பெண்ணிடம் அவளுடைய பயமாவது மிஞ்சியிருக்கும். கட்டி உறுத்த உறுத்த, என்றைக்காவது ஒருநாள் கிளம்பிப் போவாள். 'நார்மல்' என்ற தாளைக் கையில் வாங்கியவளிடம் அந்தப் பயத்தையும் பிடுங்கிவிடுகிறோம். அக்காவின் பதினோரு மாதங்களை அப்படித்தான் ஒரு தாள் தின்றது. மார்பின் வெப்பத்தைப் படமெடுக்கும் தெர்மோகிராபியை மேமோகிராமுக்குப் பதிலாக நம்பாதீர்கள் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒருமுறைக்கு மேல் எச்சரித்திருக்கிறது. அங்கேயும் விளம்பர வாசகம் இதேதான்: வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை.

அப்படியானால் வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. பெண்ணின் வலியை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளும் ஆராய்ச்சி வேண்டும், அதற்குப் பணம் வேண்டும், அது நம் ஊர்ப் பெண்களின் மார்பிலும் சோதிக்கப்பட வேண்டும். ஆனால் 'வலிக்காது' என்பது ஒரு கருவியின் குணம். 'கண்டுபிடிக்கும்' என்பது வேறு குணம். முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்கக் கூடாது.

பேனரின் மூன்றாவது வரிதான் என்னை மிகவும் கோபப்படுத்தியது: தொடுதல் இல்லை. இதை ஏன் ஒரு சிறப்பாகச் சொல்கிறார்கள்? நம் கூச்சம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 2002-இல் குட்டி ரேவதி தன் கவிதைத் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்ததற்காக எவ்வளவு வசை வாங்கினார் என்பது இந்த நூலைப் படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். சொல்லைக்கூடத் தாங்காத சமூகம் இது. அந்தக் கூச்சத்தைக் கலைக்காமல், அதையே மூலதனமாக்கி விற்கிறார்கள்.

தொடுதலால் என்ன முடியும் என்பதற்குச் சான்று இந்த நாட்டிலேயே இருக்கிறது. மும்பையின் டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. ஒன்றரை லட்சம் பெண்கள். பாதிப் பேரின் மார்பை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்தார்கள். மேமோகிராம் இல்லை. முடிவு 2021-இல் வந்தது. தொட்டுச் சோதிக்கப்பட்ட பெண்களிடம் நோய் முன்னதாகவே கண்டறியப்பட்டது. 50 வயதைத் தாண்டியவர்களிடம் மார்பகப் புற்றால் வரும் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. 50-க்குக் கீழே அப்படிக் குறையவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இளம் பெண்களுக்கு நாம் இன்னும் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் கை என்பது இரக்கத்துக்காக வைத்திருக்கும் பழைய வைத்தியமல்ல, இருபது ஆண்டு சோதித்துப் பார்த்த கருவி. அதற்குப் பேனர் கட்ட யாருமில்லை, ஏனென்றால் அதை விற்க முடியாது.

இப்போது அக்காவின் கோப்பைத் திரும்பத் திறக்கிறேன். அவளுக்கு என்ன கருவி இல்லாமல் போயிற்று? நுண்ணலைக் கருவியா? இல்லை. கையில் தட்டுப்படும் கட்டி என்றால், மேமோகிராம் என்ன சொன்னாலும் சரி, தொட்டுப் பார்ப்பது, படம் எடுப்பது, ஊசியால் திசு எடுப்பது என்று மூன்றையும் செய்ய வேண்டும் என்பது மருத்துவத்தின் பாலபாடம். அல்ட்ராசவுண்டு இருந்தது. ஊசி இருந்தது. மைக்ராஸ்கோப் இருந்தது. "கையில தட்டுப்படுதே டாக்டர்" என்று அவள் சொன்னதும் இருந்தது. இயந்திரம் சொன்னது சாட்சி, பெண் சொன்னது புலம்பல் என்று ஒருவர் முடிவு செய்தார். அவ்வளவுதான் நடந்தது. இந்த வரிசை மாறாதவரை பழைய கருவி இருந்த இடத்தில் புதிய கருவி வந்து உட்காரும், இன்னொரு பெண் பதினோரு மாதம் காத்திருப்பாள். அந்தக் கருவி வலிக்காது என்பது மட்டும்தான் வித்தியாசமாக இருக்கும்.

2022-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஒரே ஆண்டில் 1,90,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு மார்பகப் புற்று வந்தது. 98,000 பேர் இறந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் நாடுகளுக்கு ஓர் இலக்கு வைத்தது: நோயாளிகளில் குறைந்தது 60 சதவீதத்தினருக்கு முதல் இரண்டு நிலைகளிலேயே கண்டறிய வேண்டும், மருத்துவரிடம் வந்த 60 நாளுக்குள் என்ன நோய் என்று உறுதி செய்ய வேண்டும், 80 சதவீதத்தினர் சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும். 60 நாள். அக்காவுக்கு ஆனது 330 நாளுக்கும் மேல்.

என் மாணவிகளுக்கும், இதைப் படிக்கும் உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ரோஜா நிறப் பேனரின் கீழே நின்று இந்தக் கேள்விகளைச் சத்தமாகக் கேளுங்கள். யாரிடம் சோதித்தீர்கள், என் வயதுப் பெண்கள் அதில் எத்தனை பேர்? எத்தனை கட்டிகளைத் தவறவிட்டீர்கள்? சந்தேகம் என்று வந்தால் பயாப்சி எங்கே, யார் செலவில், எத்தனை நாளில்? நார்மல் என்று வந்தும் கையில் தட்டுப்பட்டால் என்ன செய்யச் சொல்வீர்கள்? என் மார்பின் தரவு யாருக்குப் போகும்? மேமோகிராம் எடுத்தால் அறிக்கையில் அடர்த்தி எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள். பதில் சொல்ல முடியாத இடத்தில் சட்டையைக் கழற்றாதீர்கள்.

அன்று முகாம் என் பெயர் இல்லாமலே நடந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட பெண்கள் வரிசையில் நின்றார்கள். எல்லோருக்கும் நார்மல். இரண்டு வாரம் கழித்து, ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஒருவரை அழைத்து, என் வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாங்களும் ஒரு கூட்டம் போட்டோம். இருபத்திமூன்று பேர் வந்தார்கள். அக்காவும் வந்தாள். நர்ஸ் விளக்கி முடித்ததும், அக்கா எழுந்து ரவிக்கையின் இடது பக்கத்தை விலக்கித் தழும்பைக் காட்டினாள். யாரும் பேசவில்லை. பின்வரிசையில் ஒரு மாணவியின் அம்மா கை தூக்கினார்.

"அன்னிக்கு நார்மல்னு தாள் கொடுத்தாங்கம்மா. ஆனா எனக்கு இங்க ஏதோ இருக்கு."

நர்ஸ் அவரைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போனார். ஒன்பதாம் நாள் பயாப்சி முடிவு வந்தது. அது வெறும் நார்க்கட்டி. பரவாயில்லை, அந்த அம்மா சொன்னதும் உண்மைதான்: அங்கே ஏதோ இருந்தது.